பதில்: சாவடிக் கல் – பெயர் வெட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

ஊருக்குப் போன தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து மனசே ஆறவில்லை. சாவடிச் சுவரில் பதித்த கல்லின் மேலேயே சுண்ணாம்பு அடித்து, அதற்கு மேல் போஸ்டரும் ஒட்டியிருக்கிறார்கள். 1914-1919 பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, நம் ஊரிலிருந்து 14 பேர் போனதையும் அதில் 3 பேர் உயிர்விட்டதையும் சொல்லும் கல் அது. எண்ணிக்கை மட்டும்தான், பெயர் கிடையாது.

புதுக்கல் வைத்து அந்த மூன்று பேர் பெயரையும் போடலாம் என்பதில் எனக்குச் சம்மதம். ஆனால் குவைத் மாமா அனுப்பிய மாதிரியில் எங்கள் சிப்பாய்த் தாத்தா பெயருக்குக் கீழே 'பஸ்ராவில் வீரமரணம்' என்று இருக்கிறது. அதை நிறுத்துங்கள். எங்கள் வீட்டிலும் 'பஸ்ரா போனவர்', அதாவது இராக் போனவர், என்றுதான் காலங்காலமாகப் பேச்சு. அவர் பதக்கம் வேறு கதை சொல்கிறது.

ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள். விஷயம் இரண்டிலும் இல்லை, விளிம்பில் இருக்கிறது. அந்தப் போரின் பதக்கங்களில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படை எல்லாவற்றையும் விளிம்பில் பொறித்தே கொடுத்தார்கள். எங்களுடையதில் '61 பயனியர்ஸ்' என்று இருக்கிறது. 61ஆம் பயனியர்ஸ் 1914 அக்டோபரில் பம்பாயில் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கா போன படை. நவம்பர் முதல் வாரத்தில் டாங்காவில், இன்றைய தான்சானியாக் கடற்கரையில், ஜெர்மன் படையிடம் அடி வாங்கித் திரும்பக் கப்பலேறினார்கள். சண்டைக்கு நடுவே தேனீக்கள் கலைந்து கொட்டிய களம் அது. பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற 63ஆம் படையும் அங்கே இருந்தது. ஆகவே மற்ற இரண்டு பேர் எந்தப் படை என்று பார்க்காமல் அவர்களுக்கும் பஸ்ரா என்று போடக் கூடாது.

இன்னொன்று. பஸ்ரா நினைவுச் சின்னத்தில் அந்தப் போரில் இறந்த 40,000க்கு மேற்பட்டவர்களுக்கு நினைவு செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தியர்களில் அதிகாரிகள் பெயரைத்தான் கல்லில் வெட்டினார்கள், சாதாரணச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அதே தப்பை நாம் வேறு விதமாகச் செய்ய வேண்டாம்.

தெற்குத்தெரு அண்ணனுக்கு: 'மண் வெட்டப் போனவருக்கு எதற்குச் சிப்பாய்ப் பட்டம்' என்று பொதுமடலில் எழுதியிருக்கிறீர்கள். பயனியர்ஸ் துப்பாக்கியும் மண்வெட்டியும் சேர்த்துச் சுமந்த காலாட்படை. பாதை போட்டதும் அவர்கள்தான், சுடச் சொன்னபோது சுட்டதும் அவர்கள்தான். எங்கள் பதக்கம் வெள்ளி. கூலிப்படைக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள், ஊரில் அப்படி ஒன்று கிடைத்தாலும் அந்தப் பெயரும் கல்லில் ஏற வேண்டும். எங்கள் அப்பா உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு எப்படி நின்றார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வரியை நீங்கள் திரும்பப் பெற்றால் நல்லது.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பாபிஷேக வசூலில் மிச்சம் என்ன என்று ஷார்ஜா மச்சான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அது வந்த பிறகு என் பங்கை அனுப்புகிறேன். கல்லுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் யாரிடம், எவ்வளவு என்று எழுதுங்கள்.

இப்போது வேண்டியது இதுதான். பழைய பெட்டியில் பதக்கம் வைத்திருப்பவர்கள் விளிம்பைச் சுற்றிப் படம் எடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் ஆத்தா தீபாவளிக்குத் தீபாவளி தேய்த்ததில் எண்ணின் கடைசி இலக்கமே அழிந்துபோய்விட்டது. ஆணையத்தின் இணையப் பட்டியலில் படைப்பெயரை வைத்துத் தேடினேன். பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் வராது, 'சாமி'யை வெள்ளைக்காரன் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறான். எங்கள் எண்ணோடு ஒத்துப்போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குத் தகப்பன் பெயர் போட்டிருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

பெங்களூர் அத்தை, பெரியாத்தாவுக்கு இன்னும் பேச்சு தெளிவாக இருக்கிறது என்றீர்களே. சிப்பாய்த் தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள பெயரை நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. அவர் வாயிலிருந்து தானாக வரட்டும்.