ஹோம் ஓப்பனர், எக்ஸ்குளூசிவ் விண்டோ: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பேஸ்பால் கலைச்சொல் பட்டியலில் இரண்டு சொற்கள் முடியாமல் கிடக்கின்றன: ஹோம் ஓப்பனர் (ஓர் அணி தன் மைதானத்தில் ஆடும் பருவத்தின் முதல் ஆட்டம்), எக்ஸ்குளூசிவ் விண்டோ (ஓர் ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிய ஒளிபரப்பு நேரம்). முன்னதற்குத் ‘தொடக்க ஆட்டம்’ என்று போட்டிருக்கிறோம். லீக்கின் முதல் ஆட்ட நாளான ஓப்பனிங் டேக்கும் கிட்டத்தட்ட அதுவேதான். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க முடியாது என்பதற்கு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் ஒன்றே போதும்.

அந்த ஊரின் ரெட்ஸ் அணி பருவத்தைத் தன் மைதானத்தில் தொடங்குவது அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். 1920 முதல் ஃபிண்ட்லே சந்தைக்காரர்கள் அன்றைக்கு ஊர்வலம் நடத்துகிறார்கள். அரசு அறிவிக்காவிட்டாலும் ஊருக்கு அது விடுமுறை நாள் மாதிரிதான். 1994இல் பருவத்தின் முதல் ஆட்டத்தை ஈஎஸ்பிஎன் அலைவரிசைக்காக ஏப்ரல் 3, ஞாயிறு இரவுக்கு வைத்தார்கள். ஈஸ்டர் ஞாயிறு வேறு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வந்து ஆடியது, கணக்கேட்டிலும் அதுவே முதல் ஆட்டம். ரெட்ஸ் நிர்வாகமோ அதைத் தொடக்கமாக ஏற்கவில்லை. திங்கள் பிற்பகல் ஆட்டத்தையே தன் தொடக்கமாகக் கொண்டாடியது.

இதை நம் பட்டியலை வைத்து எழுதினால் ‘தொடக்க ஆட்டம் ஞாயிறு நடந்தது, தொடக்க ஆட்டம் திங்கள் நடந்தது’ என்று வரும். படிப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

முன்வைப்பவை: தாயகத் தொடக்கம், உள்ளூர்த் தொடக்கம், கொடியேற்றம். விண்டோவுக்கு ‘ஒளிபரப்புச் சாளரம்’. பின்னதில் எனக்கே மனமில்லை.

— செ.

* * *

> கொடியேற்றம்

திருவிழாக் கணக்கில் அழகான சொல். ஆனால் அந்த மைதானங்களில் மெய்யாகவே கொடி ஏற்றுகிறார்கள். முந்தைய பருவத்தில் பட்டம் வென்ற அணி, தன் ஊர் ரசிகர் முன் வெற்றிக்கொடியை ஏற்றுவது பழைய வழக்கம். ‘கொடியேற்றத்தன்று கொடி ஏற்றினார்கள்’ என்று எழுத வேண்டிவரும்.

> தாயகத் தொடக்கம், உள்ளூர்த் தொடக்கம்

தாயகம் நாட்டுக்கு உரிய சொல். ஈழத்து வாசகரிடம் அதன் கனமே வேறு. ஆட்டக்களத்துக்கு இழுக்க வேண்டாம். ‘உள்ளூர்ப் போட்டி’ என்றால் விளையாட்டுப் பக்கம் படிப்பவர் மனத்தில் ரஞ்சி கோப்பைதான் வரும். தலைதீபாவளி வழியில் ‘தலையாட்டம்’ என்றும் ஒரு யோசனை வந்தது. அதற்குத் தலையாட்ட முடியாது.

வெறும் ‘ஊர்’ போதும். ஊர்த்தொடக்கம். கொண்டாடுவது ஊர்தானே. ஊர்த்தொடக்கத்தன்று, ஊர்த்தொடக்க ஊர்வலம் என்று உருபும் அடையும் இடறாமல் ஏறுகின்றன. லீக்கின் முதல் நாளுக்குப் ‘பருவத்தொடக்கம்’. 1994 இப்போது ஒரே வரியில் அடங்கும்: பருவத்தொடக்கம் ஞாயிறு இரவு, ஊர்த்தொடக்கம் திங்கள் பிற்பகல்.

சாளரத்தை மூடிவிடலாம். ஆங்கிலத்தில் அது வேலி போட்ட நேரம். நமக்கோ ‘பொழுது’ இருக்கிறது. ‘தனிப்பொழுது’ என்பேன். சிறுபொழுது, பெரும்பொழுது படித்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. அந்தக் கணக்கு இங்கே உண்மையாகவே உதவுகிறது. 2023 முதல் 2025 வரை ரெட்ஸின் ஊர்த்தொடக்க ஆட்டங்கள் மாலை 4.10க்குத் தொடங்கின. தொல்காப்பியர் கணக்கில் அது எற்பாடு, வெயில் சாயும் பொழுது. ஊர்வலம் நண்பகல் 12 மணிக்குச் சந்தையிலிருந்து கிளம்பி, ரேஸ் தெரு வழியாக நகர மையத்துக்குப் போகும். நடுவே நாலு மணி நேரம். ஊர்வலம் பார்த்து, சாப்பிட்டு, ஆற்றங்கரை மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம்.

தனிப்பொழுதுக்காக இந்த ஆட்டத்தைப் பிற்பகல் 1 மணிக்கு நகர்த்தினால் ஊர்வலம் காலைக்குப் போக வேண்டும். சந்தைக்காரர்களுக்குக் கடையா ஊர்வலமா என்றாகும். இரவு 7 மணிக்கு நகர்த்தினால் முடிய 10 ஆகும். மார்ச் கடைசியில் ஒஹாயோ ஆற்றங்கரைக் குளிரில், மறுநாள் பள்ளி இருக்கும் பிள்ளையை யார் கூட்டிப்போவார்கள்? அந்த வழக்கம் பகலாட்டத்தை நம்பி வளர்ந்தது. தனிப்பொழுது முதலில் பிடுங்குவது அந்தப் பகலைத்தான்.

மழைக் கணக்கும் உண்டு. ஊர்த்தொடக்கத்துக்கு மறுநாளை ஆட்டமில்லாமல் விடுவது அட்டவணைக்காரர்களின் வாடிக்கை. மழை வந்தால் ஆட்டம் அங்கே போகும். ரெட்ஸின் 2018 மார்ச் 29 ஆட்டம் அப்படித்தான் 30க்குப் போயிற்று. ஞாயிறு இரவு ஒன்று, திங்கள் பகல் ஒன்று என்று அடுக்கினால் அந்த இடைவெளி காணாமல் போகிறது.

— வ.

* * *

தனிப்பொழுது பிடித்திருக்கிறது, ஒரு திருத்தத்தோடு. எக்ஸ்குளூசிவ் என்பதில் இரண்டு வேலி இருக்கின்றன. ஒன்று, அந்த நேரத்தில் வேறு ஆட்டம் வைக்காதது. இன்னொன்று, அந்த ஆட்டத்தை வேறு அலைவரிசை காட்டாதது. ஆண்டு முழுதும் அந்த அணியைக் காட்டும் வட்டார அலைவரிசைகூட அன்று காட்ட முடியாது. முன்னதே தனிப்பொழுது. பின்னதற்குத் ‘தனியுரிமை ஒளிபரப்பு’ ஏற்கெனவே புழங்குகிறது. கலக்காமல் வைத்தால் நல்லது.

எந்தச் சொல்லிலும் ‘தொலைக்காட்சி’ வேண்டாம். 2026 பருவத்தின் முதல் இரவு நெட்ஃபிளிக்ஸுக்குப் போயிருக்கிறது. பெட்டியை வைத்துச் செய்த சொல் பத்தாண்டு தாங்காது.

ஊர்த்தொடக்கத்தை டோக்கியோவில் வைத்துச் சோதியுங்கள். 2025 மார்ச் 18: சிகாகோ கப்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் டோக்கியோ டோமில் இரவு 7.10க்கு ஆடின. அப்போது சிகாகோவில் விடிகாலை 5.10, லாஸ் ஏஞ்சலஸில் 3.10. இரண்டு ஊர் ரசிகருக்கும் பருவம் வைகறையில் பிறந்தது. கணக்கேட்டின்படி கப்ஸ்தான் ‘ஹோம்’ அணி. ஹோம் அணிக்குரிய முறைப்படி கடைசியில் மட்டை பிடித்ததும் அவர்களே. ஆனால் அவர்களின் சொந்த ரிக்லி மைதானத்தில் ஏப்ரல் 4 வரை ஆட்டமே இல்லை. ஹோம் என்பதற்கு விதிநூல் பொருள் கொண்டால் கப்ஸின் ஹோம் ஓப்பனர் டோக்கியோவில். ஊர்க்காரரைக் கேட்டால் ரிக்லியில். ஊர்த்தொடக்கம் என்றால் இந்தக் குழப்பமே இல்லை. ஆங்கிலச் சொல்லைவிடத் தெளிவாக அமைந்த இடம் இது.

பருவமும் ஊரும் இப்படிப் பிரிவதற்கே ‘ஒளிபரப்புப் பிளவு’ என்று ஒரு சொல் வைத்தால் என்ன?

— நா.

* * *

> ஒளிபரப்புப் பிளவு

வேண்டாம். காரணத்தைச் சொல்லுக்குள் திணித்தால் காரணம் மாறும்போது சொல் பொய்யாகும். ரெட்ஸ் 1966இல் வெளியூரில் தொடங்கக் காரணம் மழை. 1990இல் ஹூஸ்டனிலும் 2022இல் அட்லாண்டாவிலும் தொடங்கக் காரணம் கதவடைப்பு. 2018இல் ஊர்வலம் ஏப்ரல் 2க்குத் தள்ளிப்போனது ஈஸ்டரால்: மார்ச் 29 பெரிய வியாழன், சந்தையில் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் வாரம். அவ்வளவு முன்னதாகப் பருவம் தொடங்கியதற்கும் ஓய்வுநாள்தான் காரணம். ஆட்டக்காரர்களுக்கு நாலு நாள் கூட்டி, 162 ஆட்டங்களை 187 நாளில் பரப்பினார்கள். இதில் எதையும் ஒளிபரப்பின் தலையில் கட்ட முடியாது. ‘இரட்டைத் தொடக்கம்’ என்றாலும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுவதோடு குழம்பும். ‘ஊர்த்தொடக்கம் பிரிந்தது’ என்று வினையாகச் சொன்னால் போதும். எல்லாவற்றுக்கும் பெயர்ச்சொல் செய்ய வேண்டியதில்லை.

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

பருவத்தொடக்கம்: லீக்கின் முதல் ஆட்ட நாள், எங்கே ஆடினாலும்.
ஊர்த்தொடக்கம்: ஓர் அணி தன் நிலையான மைதானத்தில் அந்தப் பருவம் ஆடும் முதல் ஆட்டம். ‘ஹோம்’ அணியாகப் பிற இடத்தில் ஆடியது சேராது.
தனிப்பொழுது: ஓர் ஆட்டத்துக்காகப் பிற ஆட்டங்களை விலக்கி வைத்த ஒளிபரப்பு நேரம்.

1994 ஞாயிறு போலச் சொந்த மைதானத்திலேயே ஆடியும் அணி ஒப்புக்கொள்ளாத ஆட்டம் இரண்டாம் வரையறைக்குள் முழுதாக அடங்கவில்லை. ‘அணி தன் தொடக்கமாக அறிவிக்கும் ஆட்டம்’ என்று சேர்க்கலாமா, அல்லது அடிக்குறிப்பு போதுமா என்று வ. சொல்லட்டும். சேர்த்தே எழுதுங்கள், ஒற்றும் போடுங்கள். ‘ஊர் தொடக்கம்’ என்று பிரித்தால் ஊரையே புதிதாகத் தொடங்கியதுபோல் ஆகிவிடும்.

— செ.