பனி படிந்த மாதிரி ஆன கண்ணாடிக் கூண்டு: யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. வினோத வடிவ விமானங்களின் பிளாஸ்டிக் மாடல் கிட் (பாகங்களை நாமே ஒட்டிச் சேர்ப்பது) கிடைத்தால் விடமாட்டேன். இப்போது மேஜையில் இருப்பது ஜெர்மனியின் ப்ளோம் உண்ட் ஃபோஸ் பிவி 141, 1/72 அளவு, ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பழைய பெட்டி. 1938ல் முதலில் பறந்த வேவு விமானம். இன்ஜினும் வாலும் ஒரு பக்கம், ஆட்கள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு தனியாக வலப் பக்கம். பி வகையில் வால் இறக்கை கூட இடப் பக்கம் மட்டும்தான், பின்னால் சுடுபவருக்கு மறைக்கக் கூடாதாம். பார்க்கிறவர்கள் எல்லாம் "பாதி பாகம் தொலைஞ்சு போச்சா?" என்கிறார்கள்.

சிக்கல் அந்தக் கூண்டில்தான். அவசரப்பட்டு சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி, ராத்திரி பெட்டிக்குள் மூடி வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் புகை. முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். வெளியே என்றால் பற்பசை போட்டுத் தேய்க்கலாம். உள்ளே விரல் நுழையாது. பிரித்தெடுக்கப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய கீறல் விழுகிறது, பயந்து நிறுத்திவிட்டேன்.

உடைக்காமல் பிரிக்க முடியுமா? ஃப்ரீசரில் வைத்தால் பசை விட்டுவிடும் என்கிறார்களே, பழைய பிளாஸ்டிக் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, டீகால் தாள் (மாடல் மேல் ஒட்டும் சின்னங்கள் உள்ள தாள்) மஞ்சளாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் வெளுக்குமாமே, எத்தனை நாள் வைக்கணும்? தண்ணீரில் போட்டதும் நொறுங்காமல் இருக்க மேலே கிளியர் வார்னிஷ் அடித்தால் போதுமா?