காலையில் முதல் அடி வைத்தாலே குதிகால் வலி: உங்களுக்கு எந்தப் பயிற்சி கை கொடுத்தது?

கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்கியது போல இருக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடும், அப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே ஆணி. எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்றதும் ஆபரேஷன்தானோ என்று பயந்தே போனேன். பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் பொறுமையாக விளக்கினார். வலியே இல்லாத நிறைய பேருக்கும் அந்த முள் இருக்குமாம். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை ஓடும் நார்ப்பட்டைதான் என் பிரச்சினை, பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்கிறார்களே, அது. தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடப்பதால் பட்டை இறுகிவிடுகிறது, எழுந்ததும் மொத்த எடையும் அதன்மேல் விழுகிறது.

அதனால் தரையில் கால் வைப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். வலிக்கிற காலை மற்ற தொடைமேல் போட்டு, ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். இன்னொரு கையின் பெருவிரலால் உள்ளங்காலைத் தடவினால் முறுக்கேறிய கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். தட்டுப்படவில்லை என்றால் இழுத்தது போதவில்லை. 10 நொடி பிடித்து விட்டு, 10 தடவை, நாளுக்கு 3 வேளை. இரண்டு வாரத்தில் என் காலை வலி பாதியானது.

ஆனால் நெடுநேரம் நின்றால் வலி திரும்பியது, அதைச் சரிசெய்தது குதிகால் உயர்த்தும் பயிற்சி. படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் கொடுத்து, 3 நொடியில் ஏறி, 2 நொடி நின்று, 3 நொடியில் இறங்க வேண்டும். 12 தடவை வீதம் 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதாகிவிட்டால் முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொள்ளலாம். 2015இல் வந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில் 3 மாத முடிவில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட இதுவே நல்ல பலன் தந்தது, ஒரு வருடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிட்டன. சீக்கிரம் நடமாட வேண்டியவர்களுக்கு அந்த வித்தியாசமே பெரிது.

பதில்:
ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எனக்கு வலி குதிகாலுக்கு அடியில் இல்லை, பின்பக்கம், ஷூ உரசுகிற இடத்தில். தெரியாமல் இதே படிக்கட்டுப் பயிற்சியில் குதிகாலைப் படிக்குக் கீழே நன்றாக இறக்கி இறக்கிச் செய்து, பத்தே நாளில் வீங்கிவிட்டது. அது அக்கிலீஸ் தசைநார் எலும்போடு சேரும் இடமாம், கீழே இறக்கினால் அங்கே நசுங்கும். சமதரையில் மட்டும் செய்யச் சொன்னார்கள், இப்போது பரவாயில்லை. எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பதில்:
நாள் முழுக்க நின்று பாடம் எடுக்கிறவள் நான். போன வருடம் சரியானதும் பயிற்சியை அப்படியே விட்டுவிட்டேன், ஐந்தாவது மாதம் மற்ற காலில் ஆரம்பித்தது. இப்போது வகுப்பு மாறும் இடைவெளியில் சுவரில் கை ஊன்றிக் கெண்டைச்சதையை நீட்டுகிறேன், ஒருமுறை முழங்காலை நேராக வைத்து, ஒருமுறை மடக்கி. இரண்டும் வேண்டும், ஏனென்றால் மேல்சதை நீள்வது கால் நேராக இருக்கும்போது, ஆழத்தில் இருக்கும் சதைக்கு முழங்கால் மடங்க வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுகிறேன். அக்கா, பயிற்சி செய்யும்போதே வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?

பதில்:
லேசான வலி என்றால் தொடரலாம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள் தங்கச்சி, மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால் சுற்றைக் குறைத்துவிடுவேன். ஆனால் குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் சுரீரென்று வலித்தாலோ, மரத்துப்போனாலோ, படுத்திருக்கும்போதும் விடாமல் வலித்தாலோ பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள், எலும்பில் கீறல் இருந்தாலும் அப்படி வலிக்கும். பயிற்சி ஆரம்பித்த பிறகு எனக்கு வலி முழுதாக விட ஏழு மாதம் ஆனது. துண்டு இன்னும் படிக்கட்டின் பக்கத்திலேயே இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு நாள்.