ரோபோ பெட்டி வந்தாச்சு: குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

— வெள்ளி மாலை —

நான்: [படம்]

நான்: பள்ளிக்கு ரோபோ பெட்டி வந்துவிட்டது! ஆறு பெட்டி, கூடவே ஆறு டேப்லெட். மூன்றாம் வகுப்புக்கு நீங்களே எடுத்துவிடுங்கள் என்று தலைமையாசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். பிள்ளைகள் 29 பேர். புதன்கிழமை முதல் வகுப்பு.

தம்பி: ஆறு ரோபோ, 29 பேர். ரோபோ ஓடுகிறதோ இல்லையோ, நீ ஓடப்போகிறாய் அக்கா 😂

அக்கா: எங்கள் வாண்டுக்கு இந்தப் படத்தைக் காட்டினேன். "சித்தி ஸ்கூல்ல என்னையும் சேர்த்துவிடு" என்கிறான். பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது?

நான்: இரண்டு மோட்டார், சக்கரங்கள், பல்சக்கரங்கள், எதிரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார், தரையில் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் சென்சார், ஒரு குட்டி விளக்கு. பிள்ளைகளே பூட்டி வண்டியாக்க வேண்டும். ஆப்பில் 'முன்னால் போ', 'திரும்பு', 'நில்' என்று வண்ண வண்ணக் கட்டங்கள். இழுத்து வரிசையாகக் கோத்தால் அதுதான் புரோகிராம்.

பெரியப்பா: ஏம்மா, பெருக்கல் வாய்ப்பாடே தடுமாறுகிற வயசு. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு ரோபோ எதற்கு? போதாக்குறைக்கு இன்னொரு திரை வேறு.

சித்தி: அத்தான், இது நேற்று முளைத்த விஷயம் இல்லை. பிள்ளைகளுக்காகவே லோகோ என்று ஒரு கணினி மொழி 1967இலேயே வந்துவிட்டது. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் எல்லாம் சேர்ந்து செய்தது. அப்புறம் அதற்குத் தரையில் ஊர்கிற 'ஆமை' ரோபோ ஒன்றும் செய்தார்கள். 'முன்னால் 50, வலப்பக்கம் 90' என்று கட்டளை கொடுத்தால் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போகும். பிள்ளை தன் உடம்பை வைத்தே வடிவியலைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பதுதான் எண்ணம்.

பெரியப்பா: 1967இல் நான் சிலேட்டோடு அலைந்துகொண்டிருந்தேன். அது கிடக்கட்டும், திரையைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லையே.

சித்தி: அதற்குத்தான் வருகிறேன். கண்ணு, முதல் வகுப்பில் டேப்லெட்டை அலமாரியை விட்டே எடுக்காதே. சாக்பீஸால் தரையில் கட்டம் போடு. ஒரு பிள்ளை ரோபோ, இன்னொரு பிள்ளை கட்டளை கொடுக்கிற ஆள். ரோபோ யோசிக்கவே கூடாது, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும்.

சித்தி: கொஞ்ச நேரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும் பார். 'வலப்பக்கம் திரும்பு' என்றதும் ரோபோப் பிள்ளை திரும்பி, ஓர் எட்டும் எடுத்து வைக்கும். நமக்கெல்லாம் திரும்புவது என்றால் அந்தப் பக்கம் போவதுதான். இயந்திரத்துக்குத் திரும்புவது வேறு, போவது வேறு. நின்ற இடத்திலேயே சுழன்றுவிட்டுச் சும்மா நிற்கும். நான் வகுப்பில் பீ-பாட் வைத்திருந்தபோது அதிகமாகப் பார்த்த குழப்பம் இதுதான்.

தம்பி: பீ-பாட்டா?

சித்தி: தேனீ உருவத்தில் ஒரு குட்டி ரோபோ. திரையே கிடையாது, முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள்தான். ஓர் அழுத்துக்கு 15 செ.மீ. நகரும், திரும்பினால் 90 டிகிரி. பழைய கட்டளையை அழிக்காமல் புதிதாக அழுத்தினால் இரண்டையும் சேர்த்து ஓட்டும். "டீச்சர், இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

சித்தி: இன்னொன்று. ரோபோ நம்மைப் பார்த்து வரும்போது அதன் வலது நமக்கு இடது. பிள்ளை எழுந்து போய் ரோபோவுக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும். "உட்கார்" என்று சொல்லாதே.

அண்ணன்: இப்போதுதான் பார்த்தேன். பாடம் நடத்துவதைச் சித்தி பார்த்துக்கொள்வார். நான் ப்ளூடூத்துக்கு வருகிறேன், இந்த மாதிரி வகுப்பு கவிழ்கிற இடம் அதுதான். ஆறு ரோபோவையும் ஒரே நேரத்தில் ஆன் செய்தால் ஆறு டேப்லெட்டிலும் ஆறு பெயர் வரும், எல்லாம் ஒரே மாதிரிப் பெயராக. இந்த மேசையில் அழுத்தினால் அந்த மேசை ரோபோ ஓடும். அதனால் முன்னாடியே ஒவ்வொன்றாக ஆன் செய்து, ஆப்பில் பெயரை மாற்று. அதே பெயரை ரோபோ முதுகிலும் டேப்லெட்டிலும் ஒட்டிவிடு.

நான்: டேப்லெட்டின் செட்டிங்ஸில் போய் இணைக்க வேண்டுமா?

அண்ணன்: இந்த வகைப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ஆப்புக்குள்ளேயேதான் இணைக்க வேண்டும். செட்டிங்ஸைத் தொடாதே. ஆண்ட்ராய்டு எத்தனை?

நான்: 10 என்று காட்டுகிறது.

அண்ணன்: அப்படியானால் லொகேஷனையும் ஆன் செய்து அனுமதி கொடு. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, பக்கத்தில் இருக்கும் இந்த மாதிரி ப்ளூடூத் கருவியை ஆப் தேடுவதற்கே லொகேஷன் அனுமதி வேண்டும். 12இல்தான் அதற்கென்று தனி அனுமதி வந்தது. ரோபோவே கண்ணில் படவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அக்கா: சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற டேப்லெட்டில் லொகேஷனா? ஒரு அம்மாவாகக் கேட்கிறேன்.

அண்ணன்: நியாயமான கேள்வி. வகுப்பு முடிந்ததும் அணைத்துவிடலாம். அதைவிட முக்கியம், ஆப் கணக்குத் தொடங்கச் சொன்னால் பிள்ளைகளின் பெயரைக் கொடுக்கக் கூடாது. கணக்கே இல்லாமல் நுழைய வழி இருக்கிறதா என்று பார்.

நான்: இருக்கிறது, பார்த்துவிட்டேன். என் கவலை வேறு. ஒரு ரோபோவுக்கு ஐந்து பேர் ஆகிறார்களே.

சித்தி: ஐந்து பேர் கூடவே கூடாது. இரண்டு பேர் செய்வார்கள், ஒருவர் வேடிக்கை பார்ப்பார், மிச்ச இரண்டு பேர் பல்சக்கரத்தை எறிந்து பிடித்து விளையாடுவார்கள். வகுப்பை இரண்டாகப் பிரி. ஒரு பாதி ரோபோவோடு இருக்கட்டும், மறு பாதி தாளில் வழி வரைந்து கட்டளை எழுதட்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். ரோபோவுக்கு இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். ஒருவர் டேப்லெட், ஒருவர் வண்டி, ஒருவர் தாள். பொறுப்பை மணி அடித்து மாற்று. இல்லாவிட்டால் டேப்லெட் யார் கையில் இருக்கும் என்று உனக்கே தெரியும்.

நான்: தெரியும். யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்கள் கையில்.

அக்கா: வாண்டு இந்த மாதிரி ஒரு கேம் விளையாடுவான். எண்ணை மாற்றுவான், ஓட்டுகிற பச்சைப் பொத்தானை அழுத்துவான். மாற்றுவான், அழுத்துவான். எப்படியோ ஜெயித்துவிடுவான். எப்படிடா என்றால் முழிப்பான்.

சித்தி: இதில் ஆபத்து என்றால் இப்படி யோசிக்காமல் அழுத்துவதுதான், திரை அல்ல. நான் ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தும் முன், ரோபோ எங்கே போய் நிற்கும் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. அப்புறம்தான் ஓட்டலாம். புள்ளியில் நிற்காவிட்டால் எங்கே பிசகியது என்று தேடத் தோன்றும். புள்ளியே இல்லை என்றால் வண்டி போய் நின்ற இடமே சரி என்று கைதட்டிவிடுவார்கள்.

பெரியப்பா: இது சரி. கணக்கைப் போடுவதற்கு முன் விடையை உத்தேசமாகச் சொல் என்போமே, அது.

தம்பி: என் கல்லூரி புராஜெக்டுக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும் போல.

— புதன் இரவு —

நான்: சித்தி, அப்படியே நடந்தது. திரும்பு என்றால் ஓர் எட்டு. கூட்டமாக ஓர் எட்டு. ஒரு பையன் சுவரில் முட்டிய பிறகும் காலை ஆட்டிக்கொண்டே நின்றான். கேட்டால், "நில்லுன்னு யாரும் சொல்லலையே டீச்சர்."

சித்தி: அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது 😄

— அடுத்த புதன் இரவு —

நான்: இன்று நிஜ ரோபோ. சொல்ல நிறைய இருக்கிறது, நீளமாக எழுதுகிறேன்.

நான்: ஒரு குழுவின் வண்டி மட்டும் நேராகப் போ என்றால் இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போனது. புள்ளி இருப்பது மேசைக் காலுக்கு அருகில், வண்டி நிற்பது சுவரோரம். டேப்லெட் வைத்திருந்த பையன் எண்ணை மாற்றினான், வேகத்தைக் குறைத்தான், கடைசியில் 'வலப்பக்கம் கொஞ்சம் திரும்பு' என்று ஒரு கட்டத்தைச் செருகினான். அந்தக் குழுவில் அதிகம் பேசாத பெண் ஒருத்தி. அவள் வண்டியைக் கவிழ்த்து வைத்து, சக்கரங்களை ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்த்தாள். இடச் சக்கரம் இறுக்கம். அச்சில் நீளமாக ஒரு தலைமுடி சுற்றியிருந்தது. நகத்தால் நெம்பி உருவி எடுத்துவிட்டு, "புரோகிராம் மேல தப்பு இல்ல" என்றாள்.

அண்ணன்: அந்தப் பெண்ணை இப்போதே வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். குறை புரோகிராமிலா கருவியிலா என்று பிரிப்பதிலேயே எங்களுக்கு நாள் போய்விடும். சரி, அந்தப் பையன் செருகிய கட்டத்தை எடுத்தானா?

நான்: அதுதான் இல்லை! முடி போனதும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. "நீ முடியை எடுத்ததால்தான் கெட்டுப்போச்சு" என்று அவளோடு சண்டை. நான் நடுவில் போகவில்லை. வெகு நேரம் கழித்து அவனே கட்டத்தை எடுத்தான், யாருக்கும் தெரியாத மாதிரி.

அக்கா: 😂😂

நான்: இன்னொரு விஷயம் எனக்கே புரியவில்லை. முதல் பாதிப் பிள்ளைகள் '3 நொடி போ' என்று போட்டார்கள், புள்ளியில் நின்றது. இரண்டாம் பாதி வந்து அதே வண்டிக்கு அதே 3 நொடி கொடுத்தால் புள்ளிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

அண்ணன்: சார்ஜ் இறங்கியிருக்கும். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதே நொடிக்குள் குறைவான தூரம். நொடிக் கணக்கை விட்டுவிடு. ஆப்பில் சக்கரம் இத்தனை சுற்று என்று கொடுக்க வழி இருக்கிறதா?

நான்: இருக்கிறது. 'சுற்று' என்று தனிக் கட்டம்.

அண்ணன்: அப்படியானால் மோட்டார் தன் சுழற்சியைத் தானே எண்ணும். சார்ஜ் குறைந்தால் நேரம்தான் கூடும், தூரம் மாறாது.

பெரியப்பா: சக்கரத்தின் விட்டம் என்ன?

நான்: ஒரு வண்டி வீட்டில்தான் இருக்கிறது பெரியப்பா, இருங்கள். அளவுகோலில் 6.4 செ.மீ.

பெரியப்பா: 3.14ஆல் பெருக்கு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20 செ.மீ. மூன்றாம் வகுப்புக்கு இந்தப் பெருக்கல் வேண்டாம். சக்கரத்தைச் சுற்றி நூலைக் கட்டி, பிரித்து அளவுகோலில் வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் இரண்டு சுற்றுக்கு 40, மூன்றுக்கு 60 என்று அவர்களே சொல்லட்டும். ஒரு மீட்டர் போக எத்தனை சுற்று?

தம்பி: ஐந்து. பெரியப்பா, வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு ரோபோ எதற்கு?

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி: பார்த்துவிட்டேன் 😂

பெரியப்பா: வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதில் நான் மாறவில்லை.

நான்: ஒரு பீரியட்தான் பெரியப்பா, அதற்கே தொண்டை கட்டிவிட்டது. அண்ணா, இன்னும் ஒன்று. எதிரில் ஏதாவது வந்தால் நில் என்று புரோகிராம் போட்டார்கள். சுவரைக் கண்டு நின்றது, புத்தகப் பெட்டியைக் கண்டு நின்றது, ஜன்னல் திரைச்சீலைக்குள் மட்டும் நேராகப் புகுந்துவிட்டது. "டீச்சர், அதுக்குக் கண்ணு சரியா தெரியல" என்கிறார்கள்.

அண்ணன்: அது கண் இல்லை, காது. நமக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், அதை வைத்துத் தூரம் கணக்காகிவிடும். தளர்வான துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், சென்சாருக்குப் போதுமான எதிரொலி வராது. வழவழப்பான பலகையைச் சாய்த்து வைத்தாலும் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும்.

சித்தி: இதைப் போய் வகுப்பில் ஒப்பித்துவிடாதே. தலையணை, புத்தகம், சாய்த்த பலகை மூன்றையும் வரிசையாக வை. எதற்கு நிற்கும், எதற்கு நிற்காது என்று முதலில் கை தூக்கட்டும். காது என்று அவர்கள் வாயிலிருந்தே வந்தால் நல்லது, வராவிட்டால் அப்புறம் சொல்.

அண்ணன்: கறுப்புக் கோட்டுப் பாடத்தை ஜன்னல் ஓரம் வைக்காதே. அந்தச் சென்சார் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும், வெயில் பட்டால் குழம்பும்.

அக்கா: அண்ணா, வாண்டுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துவிடலாமா? தெரிந்தவர் ஒருவர் பழைய ரோபோ பெட்டியைச் சும்மாவே தருகிறேன் என்கிறார்.

அண்ணன்: சும்மா கிடைத்தாலும் அதற்கான ஆப் இன்னும் கிடைக்கிறதா, உன் டேப்லெட்டில் ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்கு. லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ பெட்டி 1998இல் வந்தது, அவ்வளவு பேர் பெற்றது, அதையே 2022 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். பிளாஸ்டிக் துண்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆப்தான் முதலில் போகும்.

அண்ணன்: இப்போதைக்கு ஸ்கிராட்ச்ஜூனியர் என்ற புரோகிராம் ஆப் போதும். இலவசம். ஐந்து முதல் ஏழு வயதுக்கென்றே செய்தது, கட்டங்களில் எழுத்துக்குப் பதில் படம். ஆர்வம் நிலைத்தால் பெரியவனானதும் மைக்ரோபிட் பார்க்கலாம். 25 சின்ன விளக்குகள் உள்ள, புரோகிராம் போட்டு ஓட்டுகிற குட்டிப் பலகை. அந்தப் பலகை கையில் இல்லாமலே கணினியில் ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

சித்தி: அதிலும் முதலில் புள்ளி, அப்புறம் பச்சை. மறக்காதே.

நான்: அண்ணா, நான்காவது வண்டியில் மட்டும் 'ஃபர்ம்வேர் அப்டேட்' (வண்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பது) என்று கேட்கிறது. கொடுக்கலாமா?

அண்ணன்: கொடு, ஆனால் வகுப்பு நாள் காலையில் வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, டேப்லெட்டைப் பக்கத்திலேயே வைத்து, முடியும்வரை எதையும் அணைக்காதே. ஆறுக்கும் செய்துவிடு, இல்லாவிட்டால் ஒன்று ஒரு மாதிரி நடக்கும், மற்றது வேறு மாதிரி நடக்கும்.

நான்: சார்ஜர் மூன்றுதான் இருக்கிறது.

தம்பி: மூன்று மூன்றாகப் போடு அக்கா. சனிக்கிழமை நான் வருகிறேன், ஒட்டுகிற ஸ்டிக்கரில் பெயர் எழுதும் வேலை எனக்கு.