புதுப்பிப்பு: லாகோசில் எங்கே தங்குவது? போய்த் திரும்பிவிட்டேன்

கம்பெனி வேலையாகப் பத்து நாள் நைஜீரியா போகிறேன், லாகோசில் எங்கே தங்கினால் பயமில்லை என்று கேட்டிருந்தேன். கடலூருக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தாச்சு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பார்த்து வைத்திருந்த மலிவான அறையை விட்டுவிட்டு, விமான நிலையத்திலிருந்து நகரின் மறுபக்கம் இருக்கும் விக்டோரியா ஐலண்ட் பகுதியில், மதிலும் காவலாளியும் உள்ள ஓட்டலுக்கு மாறினேன். ஆனால் பெரிய உதவி, இருட்டில் நகரைக் கடக்காதே என்று ஒரு அண்ணன் சொன்னதுதான். விமானம் இரவில் இறங்கியதால் முதல் ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், இக்கேஜாவிலேயே தங்கினேன். ஓட்டல் வண்டியின் எண்ணையும் டிரைவர் பெயரையும் முன்பே வாங்கியிருந்தேன். வெளியே வந்ததும் வேறொருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். டிரைவர் பிடித்திருந்த அட்டையைப் பார்த்துப் படித்திருப்பார். வண்டி எண் கேட்டேன், ஆளைக் காணோம்.

மூன்றாம் மாடி அறையும் கிடைத்தது. வெளியிலிருந்து ஏறுவது கஷ்டம், தீப்பிடித்தால் ஏணி எட்டும்.

எதிர்பாராதது ஒன்று. கதவடியில் செருக ரப்பர் ஆப்பு வாங்கிப் போயிருந்தேன். இக்கேஜா அறையில் கதவு வெளிப்பக்கம் திறந்தது, ஆப்பு வீண். அப்புறம் யாராவது திறந்தால் விழுந்து சத்தம் போடட்டும் என்று கைப்பிடியில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து மாட்டிவிட்டுப் படுத்தேன். விடியும்வரை விழவில்லை.