பழைய டென்சோ ஆல்டர்னேட்டருக்கு பிரஷ் மட்டும் எங்கே கிடைக்கும்?

வணக்கம். வண்டி சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய டொயோட்டா கொரோல்லா. டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கி) சரியாகச் சார்ஜ் செய்யவில்லை. ஏர்கானும் ஹெட்லைட்டும் போட்டால் பேட்டரி முனையில் 12.4 வோல்ட்தான், பொதுவாக 13.5 அளவிலாவது இருக்க வேண்டும். பெல்ட் சரியாக இருக்கிறது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு (இல்லாவிட்டால் பேட்டரியோடு நேராக இணைந்த பி முனை எப்போதும் உயிரோடு இருக்கும், மறந்துவிடாதீர்கள்) ஆல்டர்னேட்டரின் பின்மூடியைத் திறந்தால், பிரஷ் (சுழலும் ரோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் துண்டு) அதன் ஹோல்டருக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர்தான் நீட்டி நிற்கிறது. புதிதில் 10.5, குறைந்தபட்சம் 1.5. இந்த அளவுக்குத் தேய்ந்தால் ஸ்பிரிங் அழுத்தம் போதாமல் ஸ்லிப் ரிங்கில் (ரோட்டரில் பிரஷ் உரசும் உலோக வளையம்) தொடர்பு விட்டுவிட்டு வரும், தீப்பொறி பட்டு ரிங்கும் கெடும். ரோட்டர் மின்தடை 2.9 ஓம், அது சரியான அளவுதான், பேரிங்கில் சத்தமில்லை. ஆகவே முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றுவது வீண் செலவு.

ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வகை பிரஷ், இரண்டு வேண்டும். சின் மிங், உபி, காக்கி புக்கிட் பக்கம் தனியாக விற்கும் கடை தெரியுமா? பற்றவைக்கும்போது ஈயம் பிரஷின் பின்னல் கம்பிக்குள் ஏறி விறைத்துவிட்டால் பிரஷ் ஹோல்டருக்குள் சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஸ்லிப் ரிங்கில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம். விட்டம் இன்னும் 14 மி.மீ. இருப்பதால் லேத்தில் லேசாகக் கடையலாம். சிறு வேலைக்கும் ஒத்துக்கொள்ளும் லேத் பட்டறை இருந்தால் சொல்லுங்கள்.