புதுப்பிப்பு: வானவில் கேக் நிமிர்ந்து நின்றது

என் ஆறடுக்கு கேக்கில் நிறம் மங்கி, கிரீம் உருகி, அடுக்குகள் சரிந்ததைப் பற்றிப் போன வாரம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

திரவ நிறத்துக்குப் பதில் ஜெல் நிறம் சேர்க்கச் சொன்னதுதான் பலித்தது. கலவையைக் கிண்ணத்துக்கு 200 கிராம் வீதம் எடைபோட்டுப் பிரித்தேன். வெந்த அடுக்குகளை ஆறவைத்து, காற்றுப் படாமல் சுற்றி, இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே கிரீம் தடவினேன். சென்னை மே மாதத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. வெண்ணெய் கிரீம் 30 டிகிரிக்கு மேல் நிற்காது.

எதிர்பாராதது ஊதா. ஜெல் சேர்த்தும் சாம்பல் பூத்தது. வெண்ணெயும் மஞ்சள் கருவும் தரும் மஞ்சள்தான் ஊதாவை அடித்துவிடுகிறது. அந்த ஓர் அடுக்கை மட்டும் வெள்ளைக்கருவும் எண்ணெயும் சேர்த்து மறுபடி செய்தேன். கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று வந்தது. மகள் ஒவ்வொரு நிற அடுக்கையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டுத்தான் சாப்பிட்டாள்.